பாடம் எடுக்கப் போனதால் படம் எடுப்பது நின்றதா?

வணக்கம். சென்ற பேச்சைக் கேட்டுவிட்டு ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "ஜார்ஜ் ஸ்டோனி அவ்வளவு நல்ல ஆவணப்பட இயக்குநர் என்கிறீர்கள். பிறகு ஏன் பல்கலைக்கழகத்துக்கு வாத்தியாராகப் போனார்? படம் கிடைக்கவில்லையா?" இரண்டு நாளாக இந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

படம் இல்லாமல் போகவில்லை. மேரி கோலி அம்மாவைப் பற்றி முன்பே பேசியிருக்கிறோம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பினப் பேறுகாலத் தாதி. மற்ற தாதிகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்காக அவரை வைத்து ஸ்டோனி எடுத்த படம் 1953இல் வந்தது. அதில் வருவது நடிப்பு இல்லை, உண்மையான பிரசவம். அந்த அம்மா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதை மறுபடியும் ஒருமுறை பாருங்கள். அவரைப் பார்த்து யாரும் பரிதாபப்பட மாட்டார்கள். அவர் அங்கே நமக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கேமராவுக்கு முன்னால் நிற்பவருக்கும் படத்தில் பங்கு உண்டு.

அப்புறம் 1968இல் கனடா போனார். அங்கே தேசியத் திரைப்பட வாரியத்தில் அவர் தயாரித்த ஒரு படம், மோஹாக் என்ற பூர்வகுடி மக்கள் பாலத்தை மறித்து நடத்திய போராட்டம் பற்றியது. அதை இயக்கிய மைக் மிட்செல் அதே மக்களில் ஒருவர், போராட்டத்திலும் இருந்தவர். பங்கு என்றேனே, இங்கே கேமராவே அவர்கள் கைக்குப் போய்விட்டது.

நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1971இல் ரெட் பர்ன்ஸுடன் சேர்ந்து மாற்று ஊடக மையம் தொடங்கியதும் இதன் தொடர்ச்சிதான். சாதாரண ஜனங்கள் தாங்களே வீடியோ எடுத்துக் கேபிள் டிவியில் போடக் கற்றுக்கொடுத்த இடம் அது. ஆகவே, ஏன் வாத்தியார் ஆனார் என்பதைவிட, யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

சரி, படம் எடுப்பது நின்றதா? 80ஐ நெருங்கும் வயதில் ஜூடித் ஹெல்ஃபாண்டுடனும் சூசன் ரோஸ்டாக்குடனும் சேர்ந்து, 1934 நெசவாலை வேலைநிறுத்தத்தைப் படமாக்கினார். தென் கரோலினாவில் ஹனி பாத் என்ற ஊரில் அப்போது 7 தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். பிள்ளைகளிடம்கூட அதைப் பற்றிப் பேசாமலே வாழ்ந்து முடித்த பெரியவர்கள் அந்தப் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களைப் பேச வைத்த படம் அது. படம் வெளிவந்த அதே 1995இல், அந்த 7 பேருக்கும் அந்த ஊரில் நினைவுக்கல் வைத்தார்கள்.