முப்பது ரூபாய்ச் சம்பளம்

நேயர்களுக்கு என் வணக்கம்.

மனிதர்கள் பணத்துக்காக வேலை செய்கிறார்களா, வேலையில் கிடைக்கும் இன்பத்துக்காகச் செய்கிறார்களா என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் அழைத்தபோது முதலில் தயங்கினேன். பொருளியலையோ உளவியலையோ நான் முறையாகப் பயின்றதில்லை. ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் மாதத்தின் கடைசி வாரத்தில் சம்பளத் தேதியை எண்ணிக்கொண்டும், அதே வாரத்தில் கணக்கு முடிக்கும் வேலையில் நேரம் போவது தெரியாமலும் இருந்த ஒருவருக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல என்று பிறகு தோன்றியது.

நம் பேச்சில் ‘கூலிக்கு மாரடிப்பது’ என்றொரு வழக்கு உண்டு. இழவு வீட்டில் ஒப்பாரி வைப்பதற்குக் கூலி பேசி ஆட்களை அழைத்துவரும் வழக்கத்திலிருந்து பிறந்த சொல் அது. செய்கிற வேலையில் மனம் ஒட்டாதவரைப் பழிக்க அதைச் சொல்கிறோம். கூலி கைமாறிய இடத்தில் மனம் இருக்காது என்ற ஊகம் அந்தப் பழிக்குள் இருக்கிறது. ஒப்பாரியில் பெயர் பெற்ற பெண்களின் பாட்டைக் கேட்டவர்களுக்கு அந்த ஊகம் பாதிதான் சரி என்பது தெரிந்திருக்கும். இறந்தவர் யாரென்றே அறியாத வீட்டில் உட்கார்ந்து, அந்த வீட்டாரின் உறவுமுறைகளைக் காதில் வாங்கி, அவற்றை அந்தக் கணமே பாட்டில் கோத்து, வாசலில் நிற்பவரையும் அழவைத்துவிடும் ஒருவர் வெறும் கூலிக்காகவே அப்படிப் பாடினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூலி இல்லாமல் அவர் அந்த வீட்டுப் படி ஏறியிருப்பார் என்றும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதில் இன்பத்துக்கு வழியே இல்லை என்று நினைப்பார்கள். குறிப்பேட்டில் பதிந்ததைப் பேரேட்டில் ஏற்றுவது, மாத முடிவில் இருப்பாய்வு தயாரிப்பது, பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் பிழை எங்கே என்று தேடுவது, இவைதான் எங்கள் நாட்கள். கணிப்பொறி வருவதற்கு முந்திய காலத்தில் அந்தத் தேடல் சில சமயம் மூன்று நாள் நீளும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு: இரு பக்கங்களுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கக் கூடும் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். 5,830 என்று இருக்க வேண்டியதை 5,380 என்று எழுதிவிட்டால் வித்தியாசம் 450. அது ஒன்பதால் வகுபடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்த எழுத்தரிடம் ஏன் ஒன்பது என்று கேட்டேன். அது அப்படித்தான் என்றார். ஒரு நாள் மாலை, எல்லாரும் கிளம்பிய பிறகு, பழைய உறை ஒன்றின் பின்புறத்தில் நானே போட்டுப் பார்த்துப் பத்தில் ஒன்று போனால் ஒன்பது, நூறில் பத்து போனால் தொண்ணூறு என்று காரணம் புலப்பட்டபோது அடைந்த மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. எந்த ஊதிய உயர்வு எந்த ஆண்டு வந்தது என்று கேட்டால் பணிப்பதிவேட்டைத்தான் பார்க்க வேண்டும். இருந்தாலும், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்ததே சம்பளத்துக்காகத்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கணக்குப் பிரிவு எழுத்தர்களில் உலகம் அறிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். சீனிவாச இராமானுசன் 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். இன்பத்துக்காக உழைத்தவர்களுக்கு உதாரணம் சொல்ல வேண்டும் என்றால் மேடையில் அவரைத்தான் சொல்கிறார்கள். பணத்தைத் துச்சமாக எண்ணிய ஞானி என்று ஒரு சித்திரமும் வரைந்துவிடுகிறார்கள். அந்தச் சித்திரத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. அவருடைய வாழ்க்கையில் பணத்தின் கணக்கை மட்டும் தனியாக எடுத்துப் படித்தால், பணத்தை அவர் துச்சமாக நினைத்ததாகத் தெரியவில்லை. எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்பதை மிகத் தெளிவாக அறிந்திருந்தார் என்றே தெரிகிறது.

அவருடைய தந்தை கும்பகோணத்தில் துணிக்கடையில் கணக்கெழுதியவர். இராமானுசன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகையை, கணிதம் தவிர மற்றப் பாடங்களில் கவனம் இல்லாததால் இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் கல்லூரித் தேர்வைத் தாண்ட முடியவில்லை. 1909இல் திருமணம் நடந்தது; மணமகள் ஜானகிக்கு அப்போது பத்து வயது. அதன் பிறகுதான் வேலை தேடும் அலைச்சல் தொடங்குகிறது. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரும் துணை ஆட்சியருமான இராமசாமி ஐயரைத் திருக்கோவிலூரில் பார்த்து, தாலுகா அலுவலகத்தில் ஒரு எழுத்தர் வேலை கேட்டார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர், வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்கார வைத்து இந்த அறிவை மூச்சுத் திணற வைக்க மனமில்லை என்று வேலை கொடுக்கவில்லை. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கால் காசு உத்தியோகமானாலும் கவர்ன்மென்ட் உத்தியோகம் என்று நாடே நம்பிக்கொண்டிருந்த காலத்தில், உத்தியோகம் மறுக்கப்பட்டதே ஒருவருக்கு உபகாரமாக முடிந்தது விந்தைதான்.

நெல்லூர் ஆட்சியராக இருந்த இராமச்சந்திர ராவைப் பார்த்தபோது நடந்ததுதான் நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. உனக்கு என்ன வேண்டும் என்று அவர் கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு உயிர் வாழும் அளவுக்கு ஒரு சிறு தொகை போதும் என்றார் இராமானுசன். அவர் கேட்டது ஓய்வு, அதாவது தாம் முயலாமலே எளிய உணவு கிடைக்க வேண்டும், தம்மைக் கனவு கண்டுகொண்டிருக்க விட வேண்டும் என்பதே என்று இராமச்சந்திர ராவ் பின்னர் எழுதினார். கேட்டவர் கேட்டது பணந்தான். ஆனால் அதைக் கொண்டு வாங்க விரும்பியது காலம். இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்துவந்தார். பிறர் கையை எதிர்பார்த்து நெடுநாள் இருக்க இராமானுசனுக்கே விருப்பமில்லை; அதனால்தான் துறைமுக வேலைக்கு மனுப் போட்டார்.

அந்த நாட்களில் அவர் கணக்குப் போட்டது கற்பலகையில். முடிவை மட்டும் நோட்டில் ஏற்றிவிட்டு, வழியையெல்லாம் முழங்கையால் அழித்துவிடுவார். ஏன் என்று கேட்டவரிடம், சோற்றுக்கே பாடாக இருக்கும்போது தாளுக்கு எங்கே போவது, எனக்கு மாதம் நான்கு ரீம் வேண்டியிருக்கும் என்றாராம். நிரூபணம் இல்லாமல் முடிவுகளை மட்டும் விட்டுச் சென்றார் என்று உலகக் கணிதவாணர்கள் வியந்துகொண்டிருந்ததற்கு, தாளின் விலையும் ஒரு காரணம். வறுமை ஒருவருடைய களிப்பை அழிக்காமல் விட்டாலும் அதன் தடயத்தை அழித்துவிடுகிறது.

1913 ஜனவரி 16 தேதியிட்டுக் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவாணர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் முதல் வரியிலேயே, ஆண்டுக்கு 20 பவுன் மட்டுமே சம்பளம் பெறும் கணக்குப் பிரிவு எழுத்தர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். இந்த இடத்தில் என் பழைய தொழிற்புத்தி சும்மா இருக்காது. மாதம் 30 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 360. பவுனுக்கு 15 ரூபாய் என்ற அன்றைய விகிதத்தில் அது 24 பவுன். எண்களோடு உறவாடிய மனிதர் நான்கு பவுனைக் கவனிக்காமல் விட்டிருப்பாரா? முழு எண்ணாக இருக்கட்டும் என்று குறைத்திருக்கலாம். சற்று ஏழையாகத் தெரிந்தால் நல்லது என்றும் நினைத்திருக்கலாம். எப்படியானாலும், அந்தக் கடிதத்தில் தேற்றங்களுக்கு முன்னால் வந்தது சம்பளம்.

அந்த ஆண்டு மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. துறைமுகப் பேரேடு மூடப்பட்டது. அந்த 75 ரூபாய்க்கு ஈடாகப் பல்கலைக்கழகம் கேட்டது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஓர் அறிக்கை மட்டுமே. தேற்றம் ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

அந்த யோசனை வீண் கற்பனை அல்ல. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளியில், படம் வரைவதில் இயல்பாகவே ஆசை கொண்ட குழந்தைகளை வைத்து லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஒரு சோதனை செய்து 1973இல் வெளியிட்டார்கள். வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையவைக்கப்பட்ட குழந்தைகள், சில நாள் கழித்து வண்ணப் பேனாக்கள் மீண்டும் மேசைக்கு வந்தபோது, மற்றக் குழந்தைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் அதே பரிசைப் பெற்ற குழந்தைகளுக்கு ஆசை குறையவில்லை. பரிசு கெடுக்கவில்லை, ‘இதைச் செய்தால் அது’ என்ற பேரம் கெடுத்தது.

எங்கள் அலுவலகத்திலும் ஓராண்டு, தீர்த்த கோப்புகளின் எண்ணிக்கையைப் பார்த்து ஊக்கத்தொகை என்று அறிவித்தார்கள். அதுவரை சிக்கலான கோப்பு வந்தால் இரண்டு பேர் தலையைக் கொடுத்துப் பிரித்துப் பார்ப்போம். அறிவிப்பு வந்த மறுவாரம் கனமான கோப்புகளெல்லாம் அலமாரியின் அடித்தட்டுக்கு இறங்கிவிட்டன, மெல்லியவை மேசையில் பறந்தன. நானும் மெல்லியவற்றைத்தான் எடுத்தேன். சம்பளம் எங்களை ஒருபோதும் அப்படிக் கெடுத்ததில்லை. ஏனென்றால் சம்பளம் நாளை அடுப்பு எரியும் என்ற உறுதியைத் தந்துவிட்டு ஒதுங்கி நின்றது, இந்தத் தொகையோ ஒவ்வொரு தாளின் மேலும் வந்து உட்கார்ந்துகொண்டது. இராமானுசனுக்குக் கிடைத்த 75 ரூபாய் முதல் வகையைச் சேர்ந்தது.

பிறகு இங்கிலாந்துக்குச் சென்று அங்கே நோயுற்றிருந்தபோது, 1919 ஜனவரி 11 அன்று, சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. நாடு திரும்பிய பிறகு ஆண்டுக்கு 250 பவுன் தருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. அந்தத் தொகை தமக்குத் தேவைப்படுவதைவிட மிக அதிகம் என்று எழுதி, ஆண்டுக்கு 50 பவுன் தம் பெற்றோருக்குக் கொடுக்கவும், தம் அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைப் பிள்ளைகள் ஆகியோரின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் பயன்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மேடைகளில் கைதட்டல் வாங்குவது இந்தக் கடிதந்தான். எனக்கும் பிடித்த கடிதமே. ஆனால் அதைப் படிக்கும்போதெல்லாம், இரட்டைப் பதிவு முறையில் பழகிய கண் எதிர்ப் பக்கத்தைத் தேடுகிறது. பெற்றோருக்கு ஒதுக்கீடு இருக்கிறது, முகம் தெரியாத பிள்ளைகளுக்கு இருக்கிறது. மனைவியின் பெயரில் தனியாக ஒரு வரி இல்லை.

1919இல் அவர் திரும்பி வந்து, 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். அந்தக் கடைசி ஓராண்டில், படுக்கையில் கிடந்தபடியே, போலித் தீட்டா சார்புகள் என்று தாமே பெயரிட்ட ஒரு புதிய வகையைக் கண்டுபிடித்து ஜனவரியில் ஹார்டிக்கு எழுதினார். யாரும் கேட்டு எழுதியதல்ல அது. பணமா இன்பமா என்று கேட்டால் அந்த ஓராண்டைப் பொறுத்தவரை இன்பம் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அவ்வளவு நாளும் வேளை தவறாமல் சோறும் எலுமிச்சைச் சாறும் மோரும் கொடுத்து, வலி என்றபோது காலுக்கும் மார்புக்கும் ஒத்தடம் கொடுத்தவர் ஜானகி. அவருக்கு வயது இருபதைத்தான் தாண்டியிருந்தது.

அதன் பிறகு 74 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். சில காலம் பம்பாயில் தம் சகோதரரோடு இருந்து, அங்கே தையல் கற்றுக்கொண்டு, 1930களின் தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியிருந்தார். பல்கலைக்கழகம் கொடுத்த சிறு ஓய்வூதியத்தோடு, தைத்துக் கொடுத்தும் தையல் சொல்லிக்கொடுத்தும் வாழ்க்கையை நடத்தினார். தோழி ஒருவர் இறந்தபோது அவருடைய மகனை எடுத்து வளர்த்துப் படிக்கவும் வைத்தார். அவரைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் கணவரைப் பற்றிக் கேட்கவே வந்தார்கள். தையல் இயந்திரத்தின் முன் கழிந்த அத்தனை ஆண்டுகளும் பணத்துக்கான வேலை என்று ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. காஜா எடுக்கும்போதோ, கழுத்து வெட்டு சரியாக விழுந்தபோதோ அவருக்கு ஒரு நிறைவு இருந்திருக்காது என்று, பழைய உறையின் பின்புறத்தில் ஒன்பதைக் கண்டுபிடித்து மகிழ்ந்த நான் எப்படிச் சொல்ல முடியும்?

தைத்த துணிக்கு உரிய கூலி அவர் கைக்கு வந்தது. அந்த ஓராண்டு ஒத்தடத்துக்கு எந்தப் பேரேட்டிலும் பதிவு இல்லை. வெந்நீர் போட்ட இரண்டு பாத்திரங்கள் மட்டும் இன்னும் தம்மிடம் இருப்பதாக அவர் பின்னாளில் சொன்னார்.

வணக்கம்.