கோடு சொல்வதும் சொல்லாததும்

நேயர்களுக்கு வணக்கம்.

1897-இல் ரொனால்டு ராஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் விடுப்பில் ஊட்டிக்கு வந்தார். மலேரியாவை ஆராய சீகூர் மலைச்சரிவில் இறங்கியவருக்கு மலேரியாவே வந்துவிட்டது! அதே ஆண்டு ஆகஸ்டில், செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் அந்தக் கிருமியை நுண்ணோக்கியில் கண்டுபிடித்தார். இன்று நுண்ணோக்கி இல்லாமலே சோதிக்கலாம். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், மலேரியா இருந்தால் கால் மணி நேரத்தில் சோதனை அட்டையில் கோடு.

அந்தக் கோடு எதைப் பார்த்து விழுகிறது? மலேரியாவில் ஃபால்சிபாரம், விவாக்ஸ் என்று வகைகள் உண்டு. ஃபால்சிபாரம் வகைக்குப் பெரும்பாலும் கிருமி உண்டாக்கும் எச்.ஆர்.பி.-2 என்ற புரதத்தைப் பார்த்துத்தான்.

நான் ஆய்வகத்தில் இருந்தபோது, தேயிலைத் தோட்ட வேலைக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். மருந்தை முழுசாகச் சாப்பிட்டு, காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. மறுபடி சோதித்தால் கோடு பளிச்சென்று விழுகிறது. ஸ்லைடிலோ ஒரு கிருமி இல்லை. பயந்துபோனார். "கிருமி போயாச்சு தம்பி, அது விட்டுப்போன எச்சம்தான் இது" என்றேன். அடுப்பு அணைந்த பிறகும் சேலையில் புகைவாடை நிற்குமே, அப்படி. இந்தப் புரதம் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்கும்.

சில அட்டைகள் பார்க்கும், கிருமியின் எல்.டி.எச். என்ற நொதி அப்படியில்லை. கிருமி செத்தால் சில நாளில் அதுவும் போய்விடும். ஆனால் கிருமி குறைவாக இருந்தால் கோடே விழாமல் போகலாம். சரி, எச்.ஆர்.பி.-2 போதுமே என்றால், அந்தப் புரதத்துக்கான மரபணுவே இல்லாத கிருமிகள் தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் இருப்பதாக 2010-இல் தெரியவந்தது. ஆப்பிரிக்காவின் எரித்திரியாவிலும் அப்புறம் நிறையக் கண்டார்கள். நோயாளிக்குக் காய்ச்சல் கொதிக்கும், அட்டை மட்டும் 'ஒன்றுமில்லை' என்று சொல்லும்.

2030-க்குள் மலேரியாவை ஒழிப்பது இந்தியாவின் இலக்கு. நோயாளிகள் குறையக் குறைய, தவறவிடும் ஒவ்வொருவரும் பெரிதாகிறார். என்னைக் கேட்டால், எங்கள் மலைக்கு இரண்டு அடையாளங்களையும் பார்க்கும் அட்டை வேண்டும். நுண்ணோக்கியையும் பரணில் போட்டுவிடக் கூடாது.

விவாக்ஸ் வகைதான் பெரிய தலைவலி. அது கல்லீரலில் மாதக்கணக்கில் தூங்கும். தூங்குவதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை இன்றுவரை இல்லை. அதனால் ஆய்வாளர்கள் சுற்றுவழி தேடுகிறார்கள்: கிருமியை விட்டுவிட்டு, அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் புரதங்களைப் பார்த்து, கடந்த ஒன்பது மாதத்துக்குள் தொற்று வந்தவரா என்று கணிக்கிறார்கள். அப்படி அகப்பட்டவருக்கு, தூங்கும் கிருமியைக் கொல்லும் பிரிமாகுயின் மாத்திரை கொடுக்கலாம். கொடுக்கும் முன் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இருந்தால் அந்த மாத்திரையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.