‘நாட் இன்ட்ரஸ்டட்’ அமுக்கியும் அதே வீடியோ ஏன் வருது?

வணக்கம், வாங்க. யூடியூப்ல ஒரு வீடியோ பிடிக்கலன்னு ‘நாட் இன்ட்ரஸ்டட்’ அமுக்குறீங்க. மறுநாள் அதே ஜாதியில நாலு வந்து நிக்குது. பட்டன் வேலை செய்யலையான்னா, செய்யுது, பேருக்கு. 2022ல, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் தர்ற மொஸில்லா 20,000 பேருக்கு மேல வச்சு இதை அளந்து பாத்தாங்க. வேண்டாத பரிந்துரைகள்ல அந்தப் பட்டன் தடுத்தது 11 சதவீதம்தான். டிஸ்லைக் 12. வாட்ச் ஹிஸ்டரியிலேர்ந்து எடுத்தா 29. ‘டோன்ட் ரெகமெண்ட் சேனல்’ 43. இருக்கறதுலயே பெரிய ஆயுதம், அதுவே பாதியத் தாண்டல!

2012லயே யூடியூப் கிளிக்க விட்டுட்டு, எவ்வளவு நேரம் பாக்குறீங்கங்கற கணக்குக்கு மாறிடுச்சு. பிடிக்காத ஒருத்தர் பேச்சைப் பல்லக் கடிச்சுக்கிட்டு பத்து நிமிஷம் கேட்டு, கீழ கமெண்ட்ல திட்டிட்டும் வர்றீங்களா? மெஷினுக்கு அது பத்து நிமிஷம், ஒரு கமெண்ட். கோவத்துல பாத்தீங்களா ஆசையில பாத்தீங்களாங்கறது அந்தக் கணக்குல வராது.

இன்னொண்ணு. 2016ல யூடியூப் பரிந்துரை பத்தி கூகுள் இன்ஜினியர்ஸ் போட்ட பேப்பர்ல ரெண்டு கட்டம் சொல்றாங்க. முதல்ல, லட்சக்கணக்கான வீடியோலேர்ந்து சில நூறை மட்டும் வடிகட்டுறது, உங்க ஹிஸ்டரியையும் உங்கள மாதிரி ஆட்கள் பாத்ததையும் வச்சு. அப்புறம்தான் அந்தச் சில நூறை வரிசைப்படுத்துறது. மாற்றுக் கருத்து பெரும்பாலும் முதல் சல்லடையிலயே விழுந்துடும். ‘வேணும்’னு நீங்க அமுக்கறதுக்குக்கூட அது கண்ணுல படாது. பார்வை சுருங்குறது இங்கதான்.

சரி, கை வைக்க வேண்டிய இடம் ஹிஸ்டரி. ஆப்ல கீழ வலது ஓரத்துல உங்க படத்தத் தொடுங்க, ஹிஸ்டரிக்குள்ள போங்க. சந்தேகமான வீடியோ பக்கத்துல மூணு புள்ளி, அதுல ‘ரிமூவ் ஃப்ரம் வாட்ச் ஹிஸ்டரி’. தேடினதும் கணக்குல சேரும், அதனால ‘மேனேஜ் ஆல் ஹிஸ்டரி’ போயி தேடல்களையும் எடுங்க. அங்கேயே ஆட்டோ டெலீட் இருக்கு: 3, 18, 36 மாசம். 3 வைங்க.

மொத்தத்தையும் ஒரே அடியா அழிக்காதீங்க. அழிச்சா முகப்பு கிட்டத்தட்ட காலியாகும், அடுத்து பாக்குற நாலு வீடியோதான் உங்க ஜாதகம். வேற ஆதாரம் அதிகம் இல்லாததால, அந்த நாலையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கும்.

எதிர்ப் பக்கம் சும்மா என்னதான் சொல்றாங்கன்னு பாக்கணுமா, ஹிஸ்டரியில ஏறாத இன்காக்னிட்டோல பாருங்க. தினமும் பாக்க சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பக்கம் போங்க, அங்க பெரும்பாலும் புதுசு மேல வர்ற வரிசைதான். ஆனா நீங்க சப்ஸ்கிரைப் பண்ணின எல்லாரும் ஒரே கட்சின்னா, அதுவும் ஒரே சுவர்தான். எதிர்ப் பக்கம் நிதானமாப் பேசுற ரெண்டு சேனலையாவது சேருங்க.

அப்புறம் டிவி. அதுலயும் உங்க அக்கவுண்ட்தான்னா, வீட்ல யாரு எதப் பாத்தாலும் உங்க பேர்லதான் ஏறும். அவங்கவங்களுக்குத் தனி அக்கவுண்ட் போட்டுக் குடுங்க.