ஐந்து புள்ளிச் சிக்குக் கோலத்தை மரத்தில் அறுப்போம்: ஸ்க்ரோல் சா பழகுவோருக்கான விளக்க வீடியோ

[காட்சி: மயிலாப்பூரில் ஒரு வீட்டு வாசல், விடியற்காலை. ஈரத் தரையில் அரிசி மாவுச் சிக்குக் கோலம். கேமரா நேர் மேலிருந்து பார்க்கிறது.]

வணக்கம். வாசலில் நீங்கள் பார்ப்பது 1, 3, 5, 3, 1 என்று வரிசை வைத்த நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம். மொத்தம் 13 புள்ளிகள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் எல்லாம் கோடு ஒரு முறை குறுக்கிட்டுச் செல்கிறது. இந்தக் கோலத்தை 6 மி.மீ. பிளைவுட்டில் அறுத்தெடுப்பதுதான் இன்றைய வேலை. ஸ்க்ரோல் சா என்னும் மரம் அறுக்கும் சிறு இயந்திரத்தை வாங்கியவர்கள் பலர் முதலில் மான், வண்ணத்துப்பூச்சி, பூங்கொத்து என்று கிடைத்த வடிவத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அவற்றைவிடச் சிக்குக் கோலமே நல்ல முதல் பாடம் என்பது என் உறுதியான கருத்து. எங்கே துளை போட வேண்டும், எது நிற்க வேண்டும், எது விழ வேண்டும் என்பதையெல்லாம் கோலமே சொல்லிவிடுகிறது.

[காட்சி: தாளில் அதே கோலம். கோட்டின் இருபுறமும் பென்சிலால் இணைகோடுகள் வரையப்படுகின்றன.]

மாவுக் கோட்டுக்கு அகலம் தேவையில்லை. மரக் கோட்டுக்குத் தேவை. ஆகவே புள்ளிகளை 3 செ.மீ. இடைவெளியில் வைத்து, கோட்டை 6 மி.மீ. அகலமுள்ள பட்டையாக மாற்றி வரைந்துகொள்ளுங்கள். பட்டைக்கு உட்பட்டது மரம், மற்றதெல்லாம் கழிவு. 'ழ', 'ன' போன்ற எழுத்துகளைப் பலகையில் ஓட்டையாக வெட்டும்போது சுழிக்குள் இருக்கும் துண்டு பிடிப்பில்லாமல் விழுந்துவிடும் என்பதால், அதைத் தாங்குவதற்குப் பாலம் ஒன்று விட வேண்டியிருக்கும். சிக்குக் கோலத்தில் அந்தத் தொல்லை கிடையாது. கோடுகள் குறுக்கிடும் 16 இடங்களிலும் பட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.

இனி விழ வேண்டிய பகுதிகளை எண்ணுங்கள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஓர் அறை இருக்கிறது, அது 13. நான்கு புள்ளிகள் சதுரமாகச் சேரும் இடங்களின் நடுவில், புள்ளியே இல்லாத அறைகள் 4 இருக்கின்றன. புதிதாகச் செய்பவர்கள் மறந்துபோவது இந்த நான்கைத்தான். ஆக 17 அறைகள், 17 துளைகள். புள்ளி வைத்த இடத்திலேயே துளை போட்டுப் பிளேடை நுழைக்கலாம்.

[காட்சி: மேசைமேல் இயந்திரம். கை பிளேடைச் சுட்டுகிறது.]

ஸ்க்ரோல் சாவில் மெல்லிய பிளேடு ஒன்று மேலும் கீழுமாக ஓடுகிறது. பிளேடு இடம்விட்டு நகராது. மரம்தான் அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். இதை மனதில் நிறுத்திக்கொண்டால் பாதி வித்தை வந்துவிடும். வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள். சில இயந்திரங்கள் முனையில் குறுக்கு ஊசி உள்ள பிளேடை மட்டுமே பிடிக்கும். அந்த ஊசி நுழைவதற்குப் பெரிய துளை போட வேண்டியிருப்பதால், கோலத்தின் சிறிய அறைகளுக்கு அது உதவாது. ஊசியில்லாத 5 அங்குல பிளேடையும் பிடிக்கும் இயந்திரமாகப் பார்த்து வாங்குங்கள். கருவிகளுக்குப் பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெருப் பக்கமும், மரத்துக்குச் சைடன்ஹாம்ஸ் சாலைப் பக்கமும் ஒரு நடை போய்வருவது நல்லது. பிளைவுட்டுக்கு மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் எங்காவது அலமாரி வேலை நடந்தால், ஆசாரியிடம் கேட்டாலே இதற்குப் போதுமான துண்டு கிடைத்துவிடும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள், இயந்திரத்தை மேசையோடு போல்ட் போட்டு இறுக்கி, மேசைக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் வையுங்கள். அதிர்வு குறைந்தால் கீழ்வீட்டாருக்கும் நிம்மதி, அறுக்கும் கோடும் சீராக வரும்.

[காட்சி: தடித்த ரீப்பர் துண்டில் சிறிய வெட்டு. துண்டைப் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோகிறார்கள்.]

தொடங்குவதற்கு முன், பிளேடு, மரத்தை வைத்து அறுக்கும் இயந்திர மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பழகத் தொடங்கிய நாட்களில் வீட்டுப் பெயர்ப்பலகை ஒன்றுக்காக 12 மி.மீ. தேக்கில் எழுத்துகளை அறுத்தேன். அறுத்து முடித்த எழுத்து மேல்பக்கமாக மட்டுமே வெளியே வந்தது. கீழ்ப்பக்கம் தள்ளினால் இறுகிக்கொண்டது. மேசை சற்றே சாய்ந்திருந்திருக்கிறது. கோண அளவுகோலின் முள்ளோ பூஜ்யத்தில்தான் நின்றது. ஒரு வாரம் செலவழித்த தேக்கு வீணாயிற்று. அன்றிலிருந்து அந்த அளவுகோலை நான் நம்புவதில்லை.

அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது எளிது. 4 செ.மீ. தடிமனுள்ள ரீப்பர் துண்டில் சில மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டுப் போட்டு, இயந்திரத்தை நிறுத்தி, துண்டை அப்படியே அரைவட்டம் திருப்பிப் பிளேடின் பின்பக்கம் கொண்டுபோங்கள். வெட்டுக்குள் பிளேடின் முதுகு மேலிருந்து கீழ்வரை தடையில்லாமல் நுழைந்தால் மேசை சரியாக இருக்கிறது. நுழையவில்லை என்றால், உண்மையான சாய்வைப்போல் இரண்டு மடங்கு உங்கள் கண்ணுக்குத் தெரியும். மூலைமட்டம் வைத்துப் பார்ப்பதைவிட இது நுட்பமான சோதனை.

அடுத்தது பிளேடு. எண் கூடக் கூட பிளேடு தடிக்கும். 6 மி.மீ. பிளைவுட்டுக்கு 3ஆம் எண் அல்லது 5ஆம் எண் போதும். வளைவுகள் நெருக்கமாக இருப்பதால் இந்தக் கோலத்துக்கு நான் 3ஆம் எண்ணையே எடுக்கிறேன். பற்கள் கீழ்நோக்கி இருக்க வேண்டும். பிளேடின் முன்பக்கத்தில் விரலைக் கீழிருந்து மேலாக மிக மெதுவாக நகர்த்தினால் பற்கள் விரலைப் பிடிக்கும். அதுதான் சரியான பக்கம். கீழ்முனையில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி அமைந்த பிளேடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பிளைவுட்டின் அடிப்பக்கத்தில் சிராய் எழும்புவதை அந்தத் தலைகீழ்ப் பற்கள் தடுக்கின்றன. பிளேடு உச்சிக்கு வரும்போது அவற்றில் இரண்டு மூன்று பற்கள் மேசைக்கு மேலே தெரியும்படி மாட்டினால்தான் அந்தப் பலன் கிடைக்கும்.

[காட்சி: விரல் நகத்தால் பிளேடை மீட்டும் ஒலி. முதலில் மந்தமாக, பிறகு கணீரென்று.]

இந்த இரண்டு ஒலிகளையும் கவனியுங்கள். முதலாவது தளர்ந்த பிளேடு, இரண்டாவது தம்புராத் தந்திபோல் முறுக்கேறிய பிளேடு. பக்கவாட்டில் விரலால் அழுத்தினால் 3 மி.மீ.க்கு மேல் வளையக்கூடாது. தளர்ந்த பிளேடு மரத்துக்குள் வில்லாக வளைந்து, மேலே ஒரு கோட்டையும் கீழே வேறொரு கோட்டையும் அறுக்கும். கோட்டைவிட்டு விலகும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கை காரணமில்லை, இந்தத் தளர்ச்சிதான் காரணம்.

[காட்சி: பிளைவுட்மேல் மாஸ்கிங் டேப், அதன்மேல் கோலத் தாள், அதன்மேல் பேக்கிங் டேப்.]

வடிவத்தை மரத்தில் நேரடியாக ஒட்டாதீர்கள். பிறகு சுரண்டி எடுப்பதற்குள் பொறுமை போய்விடும். முதலில் பலகை முழுவதும் மாஸ்கிங் டேப், அதன்மேல் பசைக்குச்சியால் கோலத் தாள், எல்லாவற்றுக்கும் மேலே ஒளி ஊடுருவும் பேக்கிங் டேப். அறுக்கும்போது மரம் கருகுவதை இந்த மேல் டேப் பெரிதும் குறைக்கிறது. பிறகு 17 அறைகளிலும் 1.5 மி.மீ. துளை போடுங்கள். அடியில் வேண்டாத பலகை ஒன்றை வைத்துத் துளையிட்டால் பின்பக்கம் பிய்ந்துவராது.

[காட்சி: மிக அருகில், ஓர் அறை. பிளேடு துளைக்குள் நுழைக்கப்படுகிறது.]

மூலைகளைத்தான் இப்போது கவனிக்க வேண்டும். நான்கு நுனிப் புள்ளிகளின் அறைகள் கண்ணீர்த்துளி வடிவில், ஒரே ஒரு மூலையோடு இருக்கும். நடு அறைகளுக்கு நான்கு மூலைகள். முதலில் ஒரு வேண்டாத துண்டில் கண்ணீர்த்துளியை மட்டும் நாலைந்து முறை அறுத்துப் பழகுங்கள். துளையிலிருந்து கோட்டுக்குப் போங்கள், கோட்டோடு சென்று மூலையைத் தொடுங்கள், தொட்டதும் நின்று, வந்த வழியே சிறிது பின்வாங்குங்கள். அங்கிருந்து கழிவுப் பகுதியைக் குறுக்காக அறுத்து எதிர்ப்பக்கக் கோட்டைப் பிடித்து, மறுபக்கத்திலிருந்து அதே மூலைக்கு வாருங்கள். இரண்டு வெட்டுகளும் சந்திக்கும் இடத்தில் மூலை கத்திபோல் கூர்மையாக விழும். நின்ற இடத்திலேயே மரத்தைச் சுழற்றித் திரும்பும் முறையும் உண்டு. பற்கள் எதையும் தொடாதபடி பிளேடின் முதுகைக் கழிவுப் பக்கமாகச் சாய்த்துக்கொண்டு சட்டென்று திருப்ப வேண்டும். அது கைவருவதற்குச் சில வாரங்கள் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

மரத்தைத் தள்ளாதீர்கள், ஊட்டுங்கள். வேகத்தை நடுத்தரமாக வைத்து, பிளேடு எந்த அளவுக்கு அறுக்கிறதோ அந்த அளவுக்கே மரத்தைக் கொடுங்கள். இன்னொன்று: நேர்கோட்டில் ஊட்டினாலும் பெரும்பாலான பிளேடுகள் வலப்பக்கம் இழுக்கும். தயாரிப்பின்போது பிளேடின் ஒரு பக்கத்தில் நுண்ணிய பிசிறு தங்குவதே காரணம். புதிய பிளேடு மாட்டியதும் கழிவுத் துண்டில் நேர்கோடு ஒன்றை அறுத்து, எத்தனை பாகை திருப்பிப் பிடித்தால் கோட்டில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த பிளேடுக்கு அது சற்று மாறும்.

நடு அறையில் தொடங்கி வெளியே வாருங்கள். வெளி விளிம்பு கடைசி. விளிம்பை முதலில் அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ள இடமிருக்காது; 6 மி.மீ. பட்டைகள் அதிர்வில் ஒடியும். நடுவில் எங்காவது நீங்கள் அழுத்தித் தள்ளத் தொடங்கியதை உணர்ந்தால், உடனே பிளேடை மாற்றுங்கள். பிளைவுட்டின் பசை பற்களை விரைவில் மழுக்கிவிடும். கால் மணி நேரத்தில் ஒரு பிளேடு தேய்ந்தாலும் அது இயல்புதான். அடியில் துண்டுகள் மேசையின் பெரிய துவாரத்துக்குள் சிக்கினால், மெல்லிய பிளாஸ்டிக் அட்டையில் பிளேடு மட்டும் நுழையும் துளை போட்டு மேசைமேல் ஒட்டிவிடுங்கள்.

[காட்சி: முகக்கவசம், கண்ணாடி. அருகில் மின்விசிறி நிறுத்தப்பட்டிருக்கிறது.]

மரத்தூளைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. தேக்கும் ஈட்டியும் பலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தருகின்றன. என்-95 முகக்கவசம், கண்ணாடி இரண்டும் இல்லாமல் பொத்தானைத் தொடாதீர்கள். தலைக்கு மேல் மின்விசிறி ஓடினால் தூள் வீடு முழுக்கப் பரவும் என்பதால், ஜன்னலைத் திறந்து வைத்து அதன் அருகில் வேலை செய்யுங்கள். துப்பட்டாவையும் தொங்கும் முடியையும் கட்டிக்கொள்ளுங்கள். பிளேடு முறிந்தால் பெரிய ஒலி வரும். பதறாமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பிறகு கையை எடுங்கள்.

[காட்சி: தாள் உரிக்கப்படுகிறது. கோலம் வெளிப்படுகிறது.]

டேப்பை உரித்ததும் 220ஆம் எண் உப்புத்தாளால் இரு பக்கங்களையும் மெதுவாகத் தேயுங்கள். உள்மூலைகளுக்கு உப்புத்தாளைச் சிறு பட்டையாக நறுக்கிக்கொள்ளலாம். பிறகு அரக்கைக் கரைத்த பிரெஞ்சு பாலிஷ், மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு. முன்பக்கத்துக்கு எத்தனை பூச்சு கொடுத்தீர்களோ, பின்பக்கத்துக்கும் அத்தனை கொடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால், ஐப்பசி கார்த்திகை மழையில் மற்றப் பக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை வளைந்துவிடும். அதே ஈரம் பிளேடுகளையும் துருப்பிடிக்க வைப்பதால், மிச்சமுள்ளவற்றைச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடிய குழாயில் போட்டு வையுங்கள். வார்ப்பிரும்பு மேசையாக இருந்தால் மழைக்கு முன் மெழுகு தேய்த்துத் துடைத்துவிடுங்கள்.

வெளிக்கதவில் மாட்டுவதாக இருந்தால் ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 303 தரத்துச் சாதாரண பிளைவுட் தாங்காது. ஐ.எஸ். 710 தரத்து மரைன் பிளைவுட்டை எடுங்கள். மேலே அரக்குக்குப் பதிலாக வெளிப்புறத்துக்கான வார்னிஷ் பூசுங்கள். வீட்டுக்குள் சுவரில் மாட்டுவதாக இருந்தால், பின்னால் ஒரு செ.மீ. உயரமுள்ள மரக்குமிழ் நான்கை ஒட்டி, கோலத்தைச் சுவரிலிருந்து சற்று விலக்கி நிறுத்துங்கள். காற்று உள்ளே போய்வரும்; மாலையில் விளக்கு ஏற்றியதும் 17 அறைகள் வழியாக வெளிச்சம் விழுந்து, பின்னால் சுவரில் இன்னொரு கோலம் தெரியும்.

[காட்சி: சுவரில் கோலம். விளக்கு ஏற்றப்படுகிறது. நிழல்.]