முதலில் வாசல், கடைசியில் பேப்பர் மேசை

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்களில் பிரதேச சபை நூலகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. சந்தைக்குப் பக்கத்திலோ உப அலுவலக வளவுக்குள்ளோ ஒரு கட்டடம். முன்னுக்கு விறாந்தை. உள்ளே ஒரு அறை, சுவரோடு றாக்கைகள், நடுவில் பேப்பர் வாசிக்கிற நீட்டு மேசை, சுற்றிவரக் கதிரைகள். வேலைக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர். சனசமூக நிலைய வாசிகசாலை என்றால் அதுவும் இல்லை, திறப்பு பக்கத்து வீட்டில் இருக்கும்.

கொரோனாக் காலத்தில் இந்தக் கட்டடங்களை மூடுவதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை. 2020 மார்ச் 20 ஊரடங்கு வந்தது, எல்லாம் மூடியது. குழப்பம் திறக்கிறதில்தான். அந்த வருடம் டிசம்பரில் மருதனார்மடம் சந்தையிலிருந்து பரவிய தொற்றுக் கொத்தணி. பிறகு 2021 ஓகஸ்ட் 20 தொடங்கி ஒக்டோபர் முதலாம் திகதி வரை நாடு முழுவதும் தனிமைப்படுத்தல் ஊரடங்கு. இனி அப்படியொரு நோய் வராது என்று ஒருவரும் எழுதித் தரப்போவதில்லை. அதனால், எப்போது திறப்பது என்பதை நோய் இல்லாத இந்த நேரத்திலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

நூலகம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, புத்தகம் கொடுத்து வாங்குவது. மற்றது, ஆட்களை இருத்தி வாசிக்க விடுவது. முதலாவது வேலைக்கு ஒரு ஆளுக்கு மூன்று நிமிடம் போதும், அதையும் வாசலிலேயே முடிக்கலாம். இரண்டாவதுக்கு முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம், அதுவும் அறைக்குள். காற்றால் பரவுகிற நோய்க்கு முன்னால் இந்த இரண்டும் ஒரே ஆபத்தா? ஆனால் கூட்டத்தில் கேள்வி வரும்போது “நூலகத்தைத் திறப்பமோ, வேண்டாமோ?” என்று இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டித்தான் கேட்கிறோம். பேப்பர் மேசைக்குப் பயந்து புத்தகமும் மாதக்கணக்கில் பூட்டுப்பட்டுக் கிடக்கிறது.

நான் சொல்லவந்தது இதுதான். கொடுக்கல் வாங்கலை முதலில் திறவுங்கள். ஆட்களை இருத்துவதைக் கடைசியில் திறவுங்கள். இரண்டுக்கும் இரண்டு திகதி.

சரி, அந்தத் திகதியை எதை வைத்துத் தீர்மானிப்பது? 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோல் சொன்னது: பரிசோதனை செய்யப்படும் நூறு பேரில் தொற்றுள்ளவர்கள் ஐந்துக்குக் குறைவாக, தொடர்ந்து இரண்டு வாரமாவது இருக்கவேண்டும். மாவட்டத்துக்கு இது பொருந்தும். ஒரு கிராம அலுவலர் பிரிவுக்கு இதைப் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு கிழமை 8 பேருக்குப் பரிசோதனை, ஒருவருக்குத் தொற்று என்று வையுங்கள்: 12.5 வீதம். அடுத்த கிழமை பரிசோதனையே நடக்கவில்லை: பூச்சியம். இரண்டு எண்ணும் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே வீதத்தைச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு மட்டத்தில் பாருங்கள். ஊர் நிலவரத்துக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் கேளுங்கள். “எத்தனை பேருக்கு வந்திருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடாதீர்கள். எத்தனை பேருக்குப் பரிசோதனை செய்தார்கள் என்றும் கேளுங்கள். மிக முக்கியமாக, வந்தவர்களில் எத்தனை பேருக்கு எங்கேயிருந்து வந்தது என்று தெரியாமல் இருக்கிறது என்று கேளுங்கள். ஒரே வீட்டில் ஆறு பேருக்கு வந்து, அந்த வீடு தனிமைப்படுத்தப்பட்டிருந்தால் அது தெரிந்த கணக்கு. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பேருக்கு, மூலம் தெரியாமல் வந்திருந்தால் அதுதான் கவலைக்குரியது. ஆறைவிட இரண்டு பெரிதாகிற இடம் இது.

இன்னொன்று. இன்று சொல்லப்படும் எண்ணிக்கை இன்றைய நிலவரம் இல்லை. கொரோனாவில் தொற்றிய பிறகு அறிகுறி தெரிய சராசரியாக ஐந்து நாள், சிலருக்கு பதினாலு நாள் வரை. பிறகு அவர் பரிசோதனைக்குப் போகவேண்டும், முடிவு வரவேண்டும். நாங்கள் பார்ப்பது ஏறக்குறைய பத்து நாளுக்கு முந்திய ஊரை. ஒரு நல்ல நாளைப் பார்த்து அவசரப்பட்டுத் திறக்கக் கூடாது, பதினாலு நாள் இறங்குமுகமாக இருக்கவேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

எந்த ஊரின் எண்ணிக்கை என்பதையும் யோசிக்கவேண்டும். நூலக உதவியாளர் வேறு பிரதேசத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவராக இருக்கலாம். அப்படியென்றால் அவருடைய ஊர்க் கணக்கும் உங்கள் கணக்குத்தான். நெடுந்தீவு மாதிரித் தீவில் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வருகிற படகைப் பார்க்கவேண்டும். ஊருக்குள் ஒருவருக்கும் இல்லை என்று நிம்மதியாக இருக்கமுடியாது.

இனி வாசலில் கொடுப்பது. இதற்கு ஊரில் நோய் முற்றாக அடங்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊரடங்கு தளர்ந்து, பலசரக்குக் கடை திறக்க அனுமதி வந்துவிட்டதென்றால், சுகாதார வைத்திய அதிகாரியிடம் கேட்டு இதையும் தொடங்கலாம். வாசலுக்குக் குறுக்கே ஒரு மேசை. அங்கத்தவர் முதல் நாளே தொலைபேசியிலோ வட்ஸ்அப்பிலோ சொல்லிவிடுவார். உதவியாளர் எடுத்து, அங்கத்துவ இலக்கம் எழுதிய துண்டோடு பழைய பேப்பரில் சுற்றி வைப்பார். இரண்டு புத்தகம் கொடுக்கிற இடத்தில் நாலு கொடுக்கலாம், பதினாலு நாள் தவணையை இருபத்தெட்டு ஆக்கலாம். ஆட்கள் நூலகத்துக்கு வருகிற தடவைகள் பாதியாகும்.

இங்கே ஒரு இடறல் இருக்கிறது. தவணையை நீட்டுவதும் தண்டப்பணத்தைத் தள்ளுபடி செய்வதும் நூலகர் தன்பாட்டில் செய்யக்கூடிய காரியங்கள் இல்லை. சபைத் தீர்மானம் வேண்டும். தீர்மானம் இல்லாமல் மனிதாபிமானத்தில் விட்டுவிட்டால், ஒன்றரை வருடம் கழித்து கணக்காய்வு ஐயவினா வரும், அந்தப் பாவம் பதில் எழுதிக்கொண்டிருப்பார். சபையோ மாதத்தில் ஒருதரம்தான் கூடும், ஊரடங்கில் அதுவும் இல்லை. ஆகவே “தொற்றுநோய் அறிவிக்கப்பட்டால் தவணை தானாக நீடிக்கும், அந்தக் காலத்துக்குத் தண்டம் இல்லை” என்று இப்போதே ஒரு தீர்மானத்தை நிறைவேற்றி வைத்துவிடுங்கள். செலவில்லாத வேலை.

உள்ளேயே வைத்துப் பார்க்கிற உசாத்துணைப் பகுதியையும் கொஞ்சம் தளர்த்துங்கள். 2020 ஒக்டோபர் 12 ஆம் திகதி, மினுவாங்கொடைக் கொத்தணி பரவிக்கொண்டிருந்தபோதே உயர்தரப் பரீட்சை தொடங்கியது. பரீட்சை நோய்க்காக நிற்காது. கடந்தகால வினாத்தாள் தொகுப்பை “இரவல் கொடுப்பதில்லை” என்று முத்திரை குத்தி அறைக்குள் வைத்துப் பூட்டினால், டேட்டா போட வசதியில்லாத பிள்ளைக்கு அது இருந்தும் இல்லாத மாதிரித்தான். பின்னேரம் கொடுத்து அடுத்த நாள் காலை வாங்குங்கள்.

திரும்பி வருகிற புத்தகத்தை என்ன செய்வது? இதில்தான் பலர் சக்தியை வீணாக்கினார்கள். 2020 மார்ச்சில் வெளிவந்த ஆய்வொன்று, அட்டைப்பெட்டி மட்டையில் வைரசு ஒரு நாளும் பிளாஸ்ரிக்கில் மூன்று நாள் வரையும் தங்கும் என்று காட்டியது. எங்கள் நூலகப் புத்தகங்களுக்குப் பொலித்தீன் உறை போட்டிருப்போம், ஆகவே மூன்று நாள் கணக்குத்தான். நூலகப் பொருட்களை வைத்தே அமெரிக்காவில் அதே வருடம் பரிசோதனை செய்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தவற்றில் ஆறு நாளுக்குப் பிறகும் வைரசின் தடயம் இருந்தது. பெட்டிக்குள் திணித்து வைப்பதைவிட, மேசையில் இடைவெளி விட்டு நிமிர்த்தி வைப்பது நல்லது என்று இதிலிருந்து விளங்குகிறது. திங்கள், செவ்வாய் என்று துண்டு ஒட்டி, வந்த நாளின் மேசையில் வைத்தால் போதும்.

குளோரின் கரைசலால் புத்தகத்தைத் துடைக்காதீர்கள். அட்டையின் நிறம் போகும், ஓரத்தால் ஈரம் இறங்கி ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் காயப்போட்டால் தாள் மஞ்சளாகும், பசை வெடித்துக் கட்டு கழரும். 5 வீதக் குளோரின் திரவம் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர், அது மேசைக்கும் கதவுப்பிடிக்கும் மட்டும். பிறகு 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம், தொட்ட பொருளால் கொரோனா தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று மதிப்பிட்டது. புத்தகம் அவ்வளவு குற்றவாளி இல்லை என்று தெரிந்துவிட்டது. என்றாலும், புதிதாக ஒரு நோய் வந்து அதைப்பற்றி ஒன்றும் தெரியாத முதல் வாரங்களில் மூன்று நாள் வைத்திருப்பதில் நட்டமில்லை. விபரம் தெரிந்ததும் கைவிடுங்கள். அப்போதும் கை கழுவ வாசலில் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கட்டும்.

புத்தகம் குற்றவாளி இல்லையென்றால் யார்? பேப்பர் மேசை. இதில் கொஞ்சம் நேரம் எடுக்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை எட்டரைக்கு அந்த மேசையை நினைத்துப் பாருங்கள். உதயன், வலம்புரி, தினக்குரல், வீரகேசரி. ஒரு பேப்பர் முழுசாக ஒருவரிடமும் இராது. முன்பக்கம் ஒருவரிடம், மரண அறிவித்தல் பக்கம் இன்னொருவரிடம். “தம்பி, அந்த நடுத்தாளை ஒருக்காத் தாரும்” என்று எதிர்ப்பக்கத்துக்குக் கை நீளும். வாசித்துவிட்டுச் சும்மா இருப்பார்களா? கதை. காது கொஞ்சம் மந்தமானவர்கள், அதனால் உரத்த கதை, அதற்கு முகக்கவசம் நாடிக்கு இறங்கும். இருப்பவர்களில் பெரும்பாலோர் அறுபது தாண்டியவர்கள், நீரிழிவோ பிரஷரோ உள்ளவர்கள். கொரோனா யாரைக் கூடுதலாகக் கொன்றதோ அவர்கள். உரத்துப் பேசுவது, நீண்ட நேரம் இருப்பது, கிட்டக்கிட்ட இருப்பது, காற்றோட்டமில்லாத அறை, எல்லாம் ஒரே மேசையில்.

அதற்காக அவர்களைக் கலைத்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தனியாக இருக்கிற முதியவருக்கு அன்று முழுவதும் நாலு பேரோடு கதைக்கக் கிடைப்பது அந்த ஒரு மணித்தியாலம் மட்டுமாக இருக்கலாம். மேசையை வெளியே கொண்டுவாருங்கள் என்கிறேன். விறாந்தை இருக்கிறது, வளவில் வேம்போ மாவோ இருக்கும். நீட்டு மேசை வேண்டாம், ஆளுக்கொரு கதிரை, கதிரைக்குக் கதிரை ஒரு மீற்றருக்குக் குறையாமல், எதிரெதிரே இல்லாமல் ஒரே பக்கம் பார்த்து.

சுவரில் பேப்பர் ஒட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். நல்ல யோசனை, ஆனால் ஒரு பிரதியில் முடியாது. ஒட்டினால் பின்பக்கம் மறைந்துவிடும், ஆகவே ஒவ்வொரு பேப்பரிலும் இரண்டு பிரதி வேண்டும். அதற்குச் சபையில் செலவு அனுமதி வேண்டும். பலகையின் நடு, ஆளின் கண் மட்டத்தில், நிலத்திலிருந்து ஏறக்குறைய நாலரை அடியில் இருக்கவேண்டும். மேலே ஒட்டினால் இரட்டைக் கண்ணாடி போட்டவர்கள் கழுத்தைப் பின்னுக்கு வளைத்து நின்று பாடுபடுவார்கள்.

கார்த்திகை, மார்கழி மழையில் வெளியே இருத்த முடியாதே என்று கேட்பீர்கள். உள்ளேதான் என்றால் காற்றைப் பாருங்கள். யன்னலை எல்லாம் திறந்து, அறையின் நடுவில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை ஒரு பக்கத்தால் இழுபட்டு வெளியே போகிறதா, நின்ற இடத்திலேயே சுழல்கிறதா? சுழன்றால் அங்கே ஆளை இருத்த வேண்டாம். பல இடங்களில் யன்னலுக்கு முன்னால் றாக்கை நிற்கும், முதலில் அதை நகர்த்துங்கள். மேலே சுழலும் மின்விசிறி இருக்கிற காற்றையே கலக்கும், வெளியேற்றாது. மேசை மின்விசிறியை யன்னலில் வெளியே பார்க்க வைத்தால் உள்காற்று போகும், எதிர் யன்னலால் புதுக்காற்று வரும்.

எத்தனை பேர்? “ஐம்பது வீதம்” என்று சுற்றறிக்கை சொன்னால் கதிரையை எண்ணிப் பாதியாக்குவார்கள். பன்னிரண்டு கதிரையை இருபதாக்கிவிட்டுப் பாதி எடுத்தால் பத்து, கணக்குச் சரி! அப்படி வேண்டாம். 20 அடிக்கு 30 அடி அறை என்றால் 600 சதுர அடி. றாக்கையும் மேசையும் பாதியை எடுத்தால் மிச்சம் 300. ஆளுக்கு ஆறுக்கு ஆறு, 36 சதுர அடி விட்டால் எட்டுப் பேர். அதில் ஒருவர் உதவியாளர். ஆக ஏழு, அதுவும் அரை மணித்தியாலத் தவணையில், புகை வெளியே போகிற அறையாக இருந்தால் மட்டும்.

கட்டடத்தைப் பற்றி இரண்டு வசனம். மூடியிருந்த காலத்திலும் கிழமைக்கு ஒருதரம் இரண்டு மணித்தியாலம் யாராவது யன்னலைத் திறந்துவிடவேண்டும். இல்லாவிட்டால், நோய் விட்டுவைத்த நூலகத்தைக் கறையான் எடுத்துக்கொள்ளும், குறிப்பாகச் சுவரோடு முட்டிய அடித்தட்டை.

நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு நிமிடம் என்று விரலைக் காட்டுகிறார். திருப்பி மூடுவதையும் சிறுவர் பகுதியையும் கடைசிக்கு வைத்திருந்தேன், ஓட்டமாகச் சொல்கிறேன். திறக்க முதலே, எப்போது பின்வாங்குவது என்பதை எழுதி ஒட்டுங்கள். ஊரில் மூலம் தெரியாத தொற்று வந்தால் உள்ளே இருத்துவதை நிறுத்தி வாசலுக்குத் திரும்புங்கள், முற்றாக மூடத் தேவையில்லை. உதவியாளருக்கே தொற்று என்றால் மூடத்தான் வேண்டும், ஆகவே பதில் ஆளை முன்பே பெயர் குறித்து வையுங்கள். வருகிறவர் பெயர், இலக்கம், நேரத்தை உதவியாளரே எழுதட்டும், பொதுப் பேனா வேண்டாம். அந்தக் கொப்பியை மேசையில் விரித்து வைக்காதீர்கள், ஊரில் யாருக்கு என்ன என்று அதைப் பார்த்துக் கதை கட்டுவார்கள். ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு எரித்துவிடுங்கள்.

சிறுவர் பகுதி, பள்ளிக்கூடம் திறந்து இரண்டு கிழமை கழித்து. அதுவரை பத்துப் பத்துப் புத்தகமாகப் பையில் கட்டி, வயதை வெளியே எழுதி, வாசலில் கொடுங்கள். பை திரும்பி வரும்போது பத்தும் இருக்கிறதா என்று எண்ணி வாங்குங்கள்.

நன்றி, வணக்கம்.