எலிக்கு எப்போது பேச்சு வந்தது?

நடுவர் அவர்களே, கோவில் கொடை விழாக் குழுவினரே, பந்தலுக்கு வெளியே வண்டியில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணாச்சிமாரே, வணக்கம். நேரம் குறைவு. அடுத்து வில்லுப்பாட்டு. மேடைக்குப் பின்னால் குடம் வந்து உட்கார்ந்துவிட்டது.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். இரவில் வீட்டுக்கு உகந்தது அடுப்பேற்றிச் சமைத்த சாப்பாடா, தட்டில் எடுத்து வைத்த பலகாரமா? நான் தட்டின் பக்கம். முறுக்கு இரண்டு, கடலை ஒரு கை, பழம் ஒன்று, ஒரு டம்ளர் பால். இரவுச் சாப்பாடு முடிந்தது. இதைச் சொல்ல வந்த என்னைப் பார்த்து, எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணாச்சி என்ன சொன்னார்? "இருட்டில் கொறிப்பது எலியின் குணம். இரவில் முறுக்கைக் கடிக்கிற மனிதனுக்கும் எலிக்கும் வால் ஒன்றுதான் வித்தியாசம்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். குறிப்பாக இடப்பக்கம் மூன்றாவது வரிசை. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் ஒழுங்காகக் குறிப்பு எடுத்து வந்தவன். ஜெர்மனியில் மதியம் சூடாகச் சாப்பிட்டுவிட்டு, இரவில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, இறைச்சித் துண்டு என்று எடுத்து வைத்துச் சாப்பிடுவது பழைய வழக்கம், அடுப்புக்கு விடுமுறை. 2023-இல் அமெரிக்காவில் ஒரு பெண், ரொட்டியும் திராட்சையும் பாலாடைக்கட்டியும் வைத்த தட்டைக் காட்டி, தன் இரவுச் சாப்பாடு இதுதான் என்று காணொளி போட்டார். உடனே ஊர் ஊராகப் பெண்கள் தங்கள் தட்டுகளைக் காட்ட ஆரம்பித்தார்கள். நூறு கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் என்ற கணக்கும் என் சட்டைப்பையில் இருக்கிறது. எல்லாம் பையிலேயே இருக்கட்டும். எலிக்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கினால், நாளை காலை ஜங்ஷன் பஸ்ஸில் ஏறும்போது "எலி வருகிறது, இடம் கொடுங்கள்" என்பார்கள்.

எலி என்றதும் எனக்கு என் சித்தப்பா நினைவுக்கு வந்துவிட்டார்.

பாளையங்கோட்டையில் இருக்கிறார். இரவில் தோசைக்கல் 'சொய்' என்று சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. தோசை மட்டும் போதாது. முதல் தோசைக்குத் தேங்காய்ச் சட்னி, அடுத்ததற்கு மிளகாய்ப்பொடி, கடைசித் தோசைக்குச் சீனி. ஒரு நாள் கேஸ் தீர்ந்துவிட்டது. அது பகலில் தீர்ந்திருக்கலாம். சரியாகச் சித்தப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு தீர்ந்தது. சித்தி அசரவில்லை. தட்டை எடுத்தார். சாத்தூர்ச் சேவு கொஞ்சம், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இரண்டு, கோழிக்கூடு பழம் ஒன்று. கல்லிடைக்குறிச்சி அப்பளமும் வீட்டில் இருந்தது; பொரிக்க நெருப்பு இல்லாததால் அது தப்பித்தது.

சித்தப்பா தட்டைப் பார்த்தார். "நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" என்றார். தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். மானஸ்தர்.

இரவு பதினொரு மணி இருக்கும். அடுக்களையில் 'கடக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. அப்புறம் 'கறுக், முறுக்'. சித்தி படுத்தபடியே குரல் கொடுத்தார். "யார் அது?"

அடுக்களையிலிருந்து பதில் வந்தது. "ஒன்றும் இல்லை, எலிதான். நீ தூங்கு."

சித்தி கேட்டார்: "எலிக்கு எப்போது பேச்சு வந்தது?"

இருங்கள், இருங்கள், இன்னும் முடியவில்லை. பதற்றத்தில் சித்தப்பா டின்னை மூடப் போக, மூடி கை நழுவிக் கீழே விழுந்தது. விழுந்த மூடி அங்கேயே கிடந்ததா? உருண்டது. அடுக்களை தாண்டி, பட்டாசல் தாண்டி, வாசற்படி வரைக்கும் உருண்டு போய், அங்கே நின்று நிதானமாக ஒரு சுற்றுச் சுற்றி அடங்கியது. எதிர்வீட்டுப் பெரியவர் "திருடன்!" என்று கத்தினார். நாலு வீட்டில் விளக்கு எரிந்தது. கதவைத் திறந்தால் சித்தப்பா நிற்கிறார். ஒரு கையில் விளக்குமாறு. இன்னொரு கை மூடியிருக்கிறது.

"எலி எங்கே?"

"ஓடிவிட்டது."

"கையில் என்ன?"

"அது விட்டுவிட்டுப் போனது."

விரித்துப் பார்த்தால் பாதிக் கடலைமிட்டாய். எதிர்வீட்டுப் பெரியவர் அதை வாங்கினார், வாயில் போட்டார், மென்றார், "கோவில்பட்டிதான்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு அரசாங்கம் 2020-இல்தான் புவிசார் குறியீடு கொடுத்தது. அந்தப் பெரியவர் அதற்கு வெகு காலம் முன்பே, இருட்டில், சான்றிதழ் இல்லாமல் கொடுத்துவிட்டார்.

இதே கதையைச் சித்தப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். கேஸ் கசிகிறதா என்று பார்க்கப் போனாராம். தீர்ந்துபோன சிலிண்டரில் என்ன கசியும் என்று சித்தி கேட்டால், செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். சித்தி சொல்லும் கதையில் இன்னும் ஒரு வரி அதிகம். கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, சித்தப்பாவின் மீசையில் ஒட்டியிருந்தது சாத்தூர்ச் சேவுத் தூள்.

அண்ணாச்சி, உங்களிடம் வருகிறேன். எலியை இவ்வளவு இளப்பமாகப் பேசினீர்களே, அதன் முதுகில் உட்கார்ந்திருப்பவர் யார்? அவர் கையில் இருப்பது என்ன? கொழுக்கட்டை. கையில் சாம்பார் சாதம் வைத்திருக்கிற பிள்ளையாரை எந்த ஊரிலாவது கும்பிட்டிருக்கிறீர்களா? "கொழுக்கட்டையும் அடுப்பில் வெந்ததுதான்" என்று அங்கிருந்து குரல் வருகிறது. வெந்தது காலையில். நம் தலைப்பு இரவைப் பற்றியது. குசேலர் கந்தல் துணியில் முடிந்து கொண்டுபோன அவலைக் கண்ணன் அள்ளித் தின்றபோது ருக்மிணி கையைப் பிடித்தது போதும் என்று சொல்வதற்காக. "பொறுங்கள், ரசம் வைக்கிறேன்" என்று சொல்வதற்காக இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்லக்கூடாது என்றுதான் நினைத்து வந்தேன். இந்த அண்ணாச்சியை நான் நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில், இருட்டுக்கடை வரிசையில் பார்த்தேன். பொழுது சாய்கிற நேரம். கையில் இலைத் துண்டு, இலையில் சூடான அல்வா, சுற்றிலும் மங்கல் வெளிச்சம். இருட்டில் தின்பது எலியின் குணம் என்றால் அந்த வரிசையில் நின்றவர்கள் எல்லாம் யார்? அல்வாவைக் கொறிக்க முடியாது, விழுங்கத்தான் முடியும் என்று அவர் வாதாடலாம். நடுவர் முடிவு செய்யட்டும். நானும் அதே வரிசையில்தான் நின்றேன், அவருக்கு நாலு பேர் பின்னால். எனக்கு வால் இருக்கிறதா என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

எண்ணெய்ப் பலகாரம் தினமும் இரவில் ஆகாது என்று எதிரணித் தங்கச்சி சொன்னார். உண்மை. அடுத்ததற்குப் போகிறேன்.

எங்கள் ஆச்சி அம்பாசமுத்திரத்தில் இருந்தார். தாத்தா இருந்தவரை அந்த வீட்டில் ஓர் இரவுகூட அடுப்பு சும்மா இருந்ததில்லை. தாத்தாவுக்கு ரசம் வேண்டும். பெரியப்பாவுக்கு ரசம் ஆகாது. அத்தைக்குச் சோறே ஆகாது. என் சித்தப்பாவுக்குத் தோசை; அந்த வழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று இப்போது தெரிகிறதா? எல்லோரும் எழுந்த பிறகு சட்டியில் எது மிஞ்சியதோ அது ஆச்சிக்கு.

தாத்தா காலமான பிறகு ஆச்சி இரவில் அடுப்பு மூட்டுவதை நிறுத்திவிட்டார். ஊர் பேசியது. பிள்ளைகள் நாலு பேர் இருந்தும் கிழவி பட்டினி கிடக்கிறாள் என்றது. சித்தப்பா கோபத்தோடு பஸ் ஏறிப் போனார். எலி ஆவதற்கு முந்தைய சித்தப்பா. ஆச்சியின் முன்னால் ஒரு தட்டு இருந்தது. மதியம் அவித்து வைத்த பனங்கிழங்கு, பொரிகடலை, ஒரு துண்டு கருப்பட்டி.

"ஏம்மா, உனக்குச் சோறு பொங்க முடியாதா? ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா?"

ஆச்சி சொன்னார்: "எனக்குக் கருப்பட்டியும் பொரிகடலையும் பிடிக்கும். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து ராத்திரியில் அதைத் தின்ன நேரம் இல்லை. இத்தனை வருடமும் உங்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். இது என் சாப்பாடு."

சித்தப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கருப்பட்டியில் கை வைத்தார். ஆச்சி பட்டென்று கையில் ஓர் அடி போட்டார். "வேண்டுமென்றால் போய் நீயே ஒரு தட்டு எடுத்து வா."

அந்த வருடக் கொடையில்தான் ஆச்சி வில்லுப்பாட்டை மங்களம் பாடும்வரை உட்கார்ந்து கேட்டார். மடியில் பொரிகடலை. அதுவரை எந்தக் கதையிலும் அம்மன் பிறப்பதை மட்டும் கேட்டவர். அசுரனை வதைப்பதற்குள் எழுந்து போய் உலை வைக்க வேண்டியிருந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், தெரிகிறது. புரதக் கணக்கு பையில் இருக்கிறது. நடுவருக்கு வேண்டுமானால் அப்புறம் தருகிறேன். வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிற தாய்மாரே, அக்காமாரே, மதினிமாரே, குடம் ஒலிக்க ஆரம்பித்ததும் வீட்டில் மாவு இருக்கிறதா என்று கணக்குப் போட்டுக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். இடப்பக்கம் இருக்கிற அண்ணாச்சிமாரே, பந்தல் வாசலில் பொரிகடலை வண்டி நிற்கிறது. கடைக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காசு மட்டும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். நன்றி, வணக்கம்.