குந்தி கதையும் மரியாள் கதையும் ஒன்றா? கன்னிப் பிறப்பில் நாம் கவனிக்காமல் விட்ட ஆள்

[திரையில்: மடுச் சந்தி, ஆவணித் திருவிழாவுக்குத் திரும்பும் பஸ்கள்]

வணக்கம் உறவுகளே! ஆணின் துணை இல்லாமல் ஒரு கன்னிப் பெண் இயேசுவைப் பெற்றாள் என்று நம்புகிறவர்கள் வேதக்காரர் மட்டும்தான் என்று நினைக்கிறீர்களா? மன்னாரில் ஒரு மௌலவியைக் கேட்டுப் பாருங்கள், அவரும் ஆம் என்றுதான் சொல்வார். குர்ஆனின் 19ஆவது அத்தியாயத்தின் பெயரே மர்யம், அதாவது மரியாள். அந்த நூல் முழுவதிலும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவர்தான். சைவக்காரரைக் கேட்டால், "உது எங்கட குந்தி கதைதானே" என்பார்கள். உண்மையில் இரண்டும் ஒரே கதையா? அதற்குத்தான் இந்த வீடியோ. லைக் பிறகு போடலாம், முதலில் கேளுங்கள்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். டிசம்பர் 8 அமலோற்பவத் திருநாள். மரியாள் இயேசுவைக் கருத்தரித்த நாள் அது என்று கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவர்களே சிலர் நினைக்கிறார்கள். ஐயா, 8ஆம் தேதி கருத்தரித்து 25ஆம் தேதி பிள்ளை பிறக்குமா? 17 நாள்! அந்தத் திருநாள் மரியாள் தன் தாயின் வயிற்றில் உருவானதைப் பற்றியது. அந்தக் கணம் முதலே அவளைப் பாவக் கறை தொடவில்லை என்பது கத்தோலிக்கக் கோட்பாடு. 1854இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அதை அறிவித்தார். அவளுடைய பிறந்தநாள் செப்டம்பர் 8, சரியாக ஒன்பது மாதம். இயேசுவுக்கான கணக்கு மார்ச் 25இல் தொடங்குகிறது. "நீ பிள்ளை பெறுவாய்" என்று கபிரியேல் தூதர் மரியாளிடம் சேதி சொன்ன திருநாள் அதுதான். அங்கிருந்து டிசம்பர் 25 வரை எண்ணிப் பாருங்கள்.

பின்னணியை வேகமாகச் சொல்கிறேன். நான்கு நற்செய்திகளில் மத்தேயுவும் லூக்காவும்தான் இந்தப் பிறப்பைச் சொல்கின்றன. மாற்கு நேரே வளர்ந்த இயேசுவிடம் போய்விடுகிறது. பவுல் தன் கடிதங்களில் "பெண்ணிடம் பிறந்தவர்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். விசுவாசப் பிரமாணத்தில் கன்னி மரியாளின் பெயர் இருக்கிறது, பூசையில் எல்லோரும் சொல்கிறோம். அவ்வளவுதான் பின்னணி.

இப்போது எனக்குப் பிடித்த இடம். மத்தேயு அந்த அற்புதத்தை ஒரே வசனத்தில் முடித்துவிடுகிறார். பிறகு அத்தியாயம் முடியும்வரை மரியாளுக்கு நிச்சயமான சூசையப்பர்தான் கதாநாயகன். ஏன்?

[திரையில்: சாமந்திப் பூ வைத்த மேசை, பதிவுப் புத்தகம், இரண்டு பேனா]

எங்கள் பக்கத்தில் பல கலியாணங்கள் எப்படி நடக்கின்றன? முதலில் எழுத்து. பதிவாளர் வருவார், மாப்பிள்ளையும் பெண்ணும் ஒப்பம் வைப்பார்கள், சாட்சிகளும் வைப்பார்கள், பலகாரம், தேத்தண்ணி, முடிந்தது. சட்டப்படி அவர்கள் புருஷன் பெண்சாதி. ஆனால் தாலிகட்டு இன்னும் நடக்கவில்லை, பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். மாப்பிள்ளை கனடாவில் என்றால் அந்த இடைவெளி வருடக்கணக்கில் இழுபடும். அந்த இடைவெளியில் பெண் கர்ப்பம் என்று வையுங்கள். பிள்ளை தன்னுடையது இல்லை என்பது மாப்பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். ஊர் என்ன பேசும் என்று நான் சொல்லவே தேவையில்லை.

மரியாளின் ஊரான நாசரேத்திலும் நிலைமை இதேதான். யூத வழக்கில் நிச்சயம் ஆனதுமே அவள் மனைவி, பிரிவதென்றால் விலக்குப் பத்திரம் கொடுக்க வேண்டும். அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து வாழ்வது பிறகுதான். நிச்சயமான பெண் வேறொருவனோடு இசைந்து போனால் மோசேயின் சட்டத்தில் தண்டனை கல்லெறிந்து கொல்வது. சூசையப்பர் என்ன செய்யப் பார்த்தார்? அவளைச் சந்தி சிரிக்க வைக்காமல், சத்தமில்லாமல் விலக்கிவிட. கவனியுங்கள், வானதூதர் கனவில் வருவதற்கு முன்பே எடுத்த முடிவு இது. உண்மை என்னவென்று தெரியாமலே அந்த மனிதர் அவளைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். கிறிஸ்மஸ் குடிலில் ஒரு மூலையில் தடியோடு நிற்க வைத்துவிட்டு நாங்கள் ஆட்டுக்குட்டியைப் படம் எடுக்கிறோம்!

கனவுக்குப் பிறகு அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறார். குழந்தைக்கு இயேசு என்று பெயர் வைப்பவரும் அவர்தான். பெயர் வைத்தால் சட்டப்படி அவர் தகப்பன். இயேசு தாவீது அரசனின் வம்சத்தில் சேர்வது அந்த வழியாகத்தான்.

அத்தியாயத்தின் தொடக்கத்தில் ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கிறதே, வாசிக்கும்போது கொட்டாவி வருமே, அதில் மத்தேயு ஒரு குசும்பு செய்திருக்கிறார். தகப்பன் மகன், தகப்பன் மகன் என்று போகும் பட்டியலுக்குள் மரியாளுக்கு முன் நான்கு பெண்களைச் செருகியிருக்கிறார். தாமார் முக்காடு போட்டு வேசி போல் இருந்து மாமனாரிடமே பிள்ளை பெற்றவள். இராகாபு எரிகோ நகரத்து வேசி. ரூத்து மோவாபிலிருந்து வந்த விதவை, சூடடித்த களத்தில் படுத்திருந்த போவாசின் காலடியில் இரவில் போய்ப் படுத்தவள். நான்காவது பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை, "உரியாவின் மனைவி" என்று மட்டும். அடுத்தவன் மனைவியை எடுத்த தாவீது அரசனின் அநியாயத்தை அந்த இரண்டு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். அதே வம்சத்தின் பேர்பெற்ற பாட்டிமார் சாராளும் ரெபேக்காவும் இருக்க இவர்களை ஏன் எடுத்தார்? "மரியாளைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேச முதல் உங்கள் அரச வம்சத்தைப் பாருங்கள்" என்று ஊர்வாய்க்குப் பதில் சொன்னதாகத்தான் நான் வாசிக்கிறேன். ஊர்வாய் அடங்கவில்லை என்பது வேறு கதை. இரண்டாம் நூற்றாண்டில் கெல்சுஸ் என்ற கிரேக்க அறிஞர், இயேசுவின் தகப்பன் பந்தேரா என்ற படைவீரன் என்றே எழுதினார்.

சரி, குந்திக்கு வருவோம். துர்வாசர் கொடுத்த மந்திரத்தை விளையாட்டாகச் சொல்லிப் பார்க்கிறாள், சூரியன் வந்து நிற்கிறான். திரும்பிப் போகச் சொல்லிக் கெஞ்சுகிறாள். அவன் போக மறுக்கிறான், சபிப்பேன் என்று மிரட்டுகிறான். பிறகு குழந்தை பெட்டியில், பெட்டி ஆற்றில். கர்ணன் வாழ்நாள் முழுக்கத் தேரோட்டி மகன் என்ற பேச்சைச் சுமக்கிறான்.

லூக்காவில் தூதர் சேதியைச் சொன்னதும் மரியாள் பயந்து ஓடவில்லை, "இது எப்படி நிகழும்?" என்று கேள்வி கேட்கிறாள். தூய ஆவியாரின் வல்லமையால் என்று பதில் வருகிறது. அதன் பிறகுதான் "உம் சொற்படியே எனக்கு நிகழட்டும்" என்கிறாள். அவள் சம்மதம் சொன்ன பிறகே தூதர் புறப்படுகிறார். இன்னொன்று, சூரியன் கர்ணனுக்குத் தகப்பன். கிறிஸ்தவ நம்பிக்கையில் தூய ஆவியார் புருஷன் இடத்துக்கு வரவில்லை, அங்கே கூடலே இல்லை. ஆதியில் தண்ணீரின் மேல் அசைவாடிய ஆவி இங்கே மறுபடி படைக்கிறது என்பதுதான் கருத்து. ஆக, ஒரே கதை இல்லை.

"விஞ்ஞானப்படி நடக்குமா?" 2006இல் இங்கிலாந்தின் செஸ்டர் மிருகக்காட்சிசாலையில் ஒரு கொமோடோ உடும்பு ஆண் துணை இல்லாமல் முட்டையிட்டது, அடுத்த வருடத் தொடக்கத்தில் குஞ்சும் பொரித்தது. மனிதரில் அப்படி நடக்காது. அது அற்புதம் என்றுதானே திருச்சபையும் சொல்கிறது, பிறகு உடும்பைச் சாட்சிக்கு இழுத்து என்ன பயன்?

அர்த்தம் என்ன என்று கேட்டால் குர்ஆனை வைத்தே விளக்கலாம். கன்னிப் பிறப்பை அது ஏற்கிறது, இயேசு இறைமகன் என்பதை மறுக்கிறது. ஆதாமுக்குத் தாய்கூட இல்லையே, இறைவன் 'ஆகு' என்றதும் ஆனவர் என்கிறது. நியாயமான வாதம். அற்புதப் பிறப்பு மட்டும் ஒருவரைக் கடவுளாக்காது, கிறிஸ்தவர்களும் அப்படிச் சொல்வதில்லை. கிழவி சாராள் பெற்றாள், மலடி அன்னாள் பெற்றாள், வயதுபோன எலிசபெத்து பெற்றாள். அங்கெல்லாம் மனிதன் கைவிட்ட இடத்தில் கடவுள் உதவினார். மரியாளின் கதையில் பிள்ளை வேண்டும் என்று மனிதர் இன்னும் கேட்கவே இல்லை, கடவுளே தொடங்குகிறார். மனித முயற்சியின் பலனாக இந்தப் பிள்ளை வரவில்லை, கொடையாக வந்தது. ஆனாலும் உண்மையான தாயின் வயிற்றில் வளர்ந்த உண்மையான மனிதப் பிள்ளை. இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதுதான் அந்த நம்பிக்கை.

அடுத்த வீடியோவில் ஒரு வில்லங்கம். மாற்கு 6ஆம் அத்தியாயத்தில் இயேசுவின் சகோதரர்கள் என்று நான்கு பேர் வருகிறார்கள். மரியாள் கடைசிவரை கன்னிதான் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை, இல்லை என்கிறார்கள் பல சபைக்காரர். உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள், கமெண்டில் எழுதுங்கள். சண்டை பிடிக்கலாம், தூஷணம் வேண்டாம், அம்மாவும் இந்தச் சேனல் பார்க்கிறவ.